இரண்டு மூடி சாஃப்ட்னர்

அந்த ஓவராலைப் பார்த்த முதல் நாளே அக்காவுக்கு அதன்மேல் கோபம் வந்துவிட்டது. துணியா அது? சட்டையும் பேன்ட்டும் ஒன்றாக, மரப்பலகைக்குக் கை கால் வைத்துத் தைத்த மாதிரி இருந்தது. கழற்றிச் சுவரோரம் நிறுத்தினால் விழாமல் நிற்கும். அவள் புருஷனுக்கு இரும்பு உருக்கி வார்க்கும் ஆலையில் வேலை. உலைப் பக்கம் போகிறவர்கள் எல்லோரும் அதைத்தான் போட வேண்டும், பொறி பட்டாலும் பற்றாத துணி என்று சொல்லி ஆளுக்கு இரண்டு கொடுத்திருந்தார்கள். பற்றாதுதான், ஆனால் போட்ட மனுஷனைப் பிடுங்கி எடுத்துவிடும். அவருக்கு ஏற்கெனவே தோல் ஒரு மாதிரி. வேலை முடிந்து வந்தால் கழுத்தைச் சுற்றிச் சிவந்து தடித்திருக்கும். சாப்பாட்டுத் தட்டின் முன்னால் உட்கார்ந்துகொண்டு சொறிந்துகொண்டே இருப்பார். பார்க்கிறவளுக்குச் சோறு இறங்குமா?

முன்பு ஆலையிலேயே சலவை அறை இருந்தது. மெஷின் பழுதானது. இதோ சரிசெய்கிறோம், அதோ சரிசெய்கிறோம் என்று இழுத்தடித்துவிட்டு, கடைசியில் அவரவர் வீட்டில் துவைத்துக்கொள்ளுங்கள் என்று சொல்லிவிட்டார்கள். புதிய மெஷின் வாங்க வக்கில்லாதவர்கள் வாசலில் புதிதாகக் கண்ணாடிக் கதவு மட்டும் போட்டார்கள். ஆக, அந்தப் பலகை அக்காவின் தலையில் விழுந்தது.

அவளும் லேசில் விடுகிற ஆளில்லை. துவைக்கிற விஷயத்தில் அவளை யாரும் அசைக்க முடியாது. காலர் அழுக்கு, எண்ணெய்க் கறை, துரு, எது என்றாலும் தெருவில் நாலு பேர் அவளிடம்தான் வந்து நிற்பார்கள். வெந்நீரில் ஊறவைத்துப் பார்த்தாள். சோடா உப்புப் போட்டுப் பார்த்தாள். யாரோ சொன்னார்கள் என்று கடைசித் தண்ணீரில் வினிகர் ஊற்றிப் பார்த்தாள். வியர்வை வாடை போனது, விறைப்பு போகவில்லை. பாதி காய்ந்ததும் எடுத்து உதறி, கசக்கி, உருட்டி, மறுபடி கொடியில் போட்டுப் பார்த்தாள். தலைகீழாக நின்று பார்த்தாயிற்று, அது மசியவில்லை. கடைசியில் கடையிலிருந்து, துணியை மென்மையாக்குகிற சாஃப்ட்னர் பாட்டில் ஒன்றை வாங்கிவந்தாள். நீல நிறம், மேலே தூங்குகிற குழந்தையின் படம். அலசுகிற தண்ணீரில் ஒரு மூடி ஊற்றினாள். அவ்வளவுதான். காய்ந்து எடுத்தபோது ஓவரால் சொன்ன பேச்சைக் கேட்டது.

போதாததற்கு, கழுத்துக்குப் பின்புறம் உள்ளே ஒரு துணிச்சீட்டு தைத்திருந்தார்கள். நகத்தால் கீறுகிற மாதிரி முனை. அதில் பொடி எழுத்தில் என்னென்னவோ அச்சடித்திருந்தது. எல்லாச் சட்டையிலும் இருக்கிற சீட்டுதானே, அளவு போட்டிருக்கும், கம்பெனி பேர் போட்டிருக்கும் என்று நினைத்தாள். அதையெல்லாம் யார் உட்கார்ந்து படிக்கிறார்கள்? பிளேடால் தையலைப் பிரித்து எடுத்துக் குப்பையில் போட்டாள். ஒரு நூல் மிச்சம் வைக்காமல் பிரித்தாள். எதைச் செய்தாலும் திருந்தச் செய்கிறவள் அவள்.

அவர் கழுத்து ஆறிவிட்டது. ஆலையில் அவருக்குச் ‘சென்ட்டுக்காரர்’ என்று பேர் விழுந்தது. உலைச் சூட்டில் எல்லோரும் நாறிக்கொண்டிருக்க, ஒருத்தர் மட்டும் பூக்கடை மாதிரி வந்து நின்றால் விட்டுவைப்பார்களா? பொண்ணு பார்க்கப் போறீங்களா, வீட்டுல தெரியுமா என்று கேட்டு அவரை ஓட்டியெடுத்தார்களாம். அவர் வந்து சொல்லச் சொல்ல அக்காவுக்குப் பெருமை பிடிபடவில்லை. ஊரில் எத்தனையோ பேர் எத்தனையோ சாதித்திருப்பார்கள். அவள் சாதித்தது இது.

அவளுடைய தம்பியும் அதே ஆலைதான். அவள் புருஷன் சொல்லித்தான் சேர்த்துவிட்டார். தம்பிக்கு வேலை உலை வாயிலேயே; உருகிய இரும்பை வாங்கி ஊற்றுகிற இடம். இரண்டு தெரு தள்ளி அம்மாவோடும் மனைவியோடும் இருந்தான். கல்யாணமாகி அதிக நாள் ஆகவில்லை. அவன் மனைவி வாய் அதிர்ந்து பேசாத பெண். அம்மா ஒரு சொல் சொன்னால் தலையை ஆட்டிவிட்டு வேலையைப் பார்ப்பாள். அம்மாவுக்கு அதுவும் பிடிக்காது. பதில் பேசினால் வாயாடி, பேசாவிட்டால் அழுத்தக்காரி. அம்மாவின் நீதிமன்றத்தில் அந்தப் பெண்ணுக்கு விடுதலையே கிடையாது.

ஒரு நாள் அந்தப் பெண் அக்காவின் வீட்டுக்கு வந்தாள். கொடியில் தொங்கிய ஓவராலின் கையைப் பிடித்துப் பார்த்தாள். கன்னத்தில் வைத்தும் பார்த்தாள்.

“அண்ணி, இதுக்கு என்ன போடுறீங்க? அவரு தினமும் உங்க வீட்டுத் துணியைப் பத்திதான் பேசுறாரு. நான் தோய்ச்சா குத்துதாம்.”

சாஃப்ட்னர் பாட்டில் குளியலறை அலமாரியில்தான் இருந்தது. கையை நீட்டினால் எடுத்துக் காட்டியிருக்கலாம். அக்கா காட்டவில்லை.

“வினிகர்தாம்மா. கடைசித் தண்ணியில ஒரு கை ஊத்து. மத்ததெல்லாம் கைப்பக்குவம்.”

வாய் கூசாமல் சொல்லிவிட்டாள். ஏன் சொன்னாள் என்று கேட்டால், கெட்ட மனசு என்று ஒரே வார்த்தையில் முடிக்க முடியாது. இடுப்பில் தூக்கி வைத்துக்கொண்டு வளர்த்த தம்பி. அவனுக்குச் சாப்பாடு, காய்ச்சல், சட்டைப் பொத்தான் எல்லாம் இப்போது இன்னொருத்தியின் கணக்கில் போய்விட்டன. அவன் வாயால் ‘எங்க அக்கா மாதிரி வராது’ என்று சொல்ல இன்னும் ஒன்றே ஒன்று பாக்கியிருந்தது. அதையும் எடுத்துக் கொடுக்க அவளுக்கு மனசு வரவில்லை. இத்தனைக்கும் அந்தப் பெண்ணை அவளுக்குப் பிடிக்கும்.

அந்தப் பெண் சொன்னபடியே செய்தாள். வினிகர் ஊற்றினாள், ஓவரால் பலகையாகவே இருந்தது. தம்பி பார்த்தான். மனைவியிடம் மறுபடி சொன்னால் முகம் வாடிவிடும். ஆகவே மாமாவோடு, அதாவது அக்காவின் புருஷனோடு, சேர்ந்து காதும் காதும் வைத்தாற்போல் ஓர் ஏற்பாடு செய்துகொண்டான். வாரக் கடைசியில் தான் போட்டிருந்த ஓவராலைக் கழற்றி மாமாவின் பையில் திணித்துவிடுவான். அது அக்காவிடம் வரும், துவைத்து வாசனையோடு திரும்பிப் போகும். வாரம் முழுக்க அதைத்தான் போடுவான். மனைவி துவைத்துக் கொடுத்த இன்னொன்று மடித்தது மடித்தபடி ஆலை லாக்கரில் கிடக்கும். வாரக் கடைசியில் அதை வெளியே எடுத்து, உலைக்கூடத்துத் தரையில் நாலு புரட்டு புரட்டி, கரியும் தூசியுமாக்கி வீட்டுக்குக் கொண்டுபோவான். அந்தப் பெண் அதைக் குந்தி உட்கார்ந்து தேய்ப்பாள், வினிகர் ஊற்றி அலசுவாள், மடித்துக் கொடுப்பாள். யாரும் போடாத துணியை அவள் வாராவாரம் துவைத்துக்கொண்டிருந்தாள்.

புருஷன் வந்து இதைச் சொன்னபோது அக்கா வயிறு குலுங்கச் சிரித்தாள். திருட்டுப் பயல் என்றாள். அவளுக்கு உச்சி குளிர்ந்து போயிருந்தது. தம்பியின் ஓவராலிலும் அந்தச் சீட்டைப் பிரித்து எடுத்தாள். புருஷனுடையதற்கு ஒரு மூடி ஊற்றினால் தம்பியுடையதற்கு இரண்டு மூடி ஊற்றினாள். உலை வாயில் நிற்கிற பிள்ளை, கூடக் கொஞ்சம் மெத்தென்று இருக்கட்டும்.

மழைக்காலம் தொடங்கிய ஒரு காலையில் ஆலையில் உலை வாய் பொங்கியது. வாங்குகிற தொட்டியில் ஈரம் இருந்திருக்கிறது. உருகிய இரும்பு ஈரத்தைக் கண்டால் என்ன ஆகும் என்று அங்கே வேலை பார்க்கிற எல்லோருக்கும் தெரியும், தொட்டியைத் துடைக்கத்தான் யாருக்கும் நேரமில்லை. வெடித்துத் தெறித்தது. பக்கத்தில் மூன்று பேர் நின்றார்கள். மூன்று பேர்மேலும் பட்டது. மற்ற இரண்டு பேரின் துணி பட்ட இடத்தில் கருகிப் பொத்தலானது, அதோடு நின்றது. இரண்டு பேரும் காயத்தோடு தப்பினார்கள். தம்பியின் துணி நிற்கவில்லை. கையில் பிடித்தது, தோளுக்கு ஏறியது, முதுகில் பரவியது. அக்காவின் புருஷன் கூடத்தின் அடுத்த கோடியில் அச்சுகளுக்கு நடுவில் இருந்தார். ஓடி வருவதற்குள் எல்லாம் முடிந்திருந்தது. “துணி மாதிரியே எரிஞ்சுதுடி, சாதாரணத் துணி மாதிரி” என்று மட்டும் பின்னால் ஒரு தடவை சொன்னார்.

ஆஸ்பத்திரியில் சில நாள் கிடந்தான். ஒரு முறை அக்காவை மட்டும் உள்ளே விட்டார்கள். கட்டுக்கு வெளியே கண்ணும் வாயும்தான் தெரிந்தன. எங்கே தொடுவது என்று தெரியாமல் கட்டில் கம்பியைப் பிடித்துக்கொண்டாள். அவன் உதடு அசைந்தது. குனிந்தாள்.

“லாக்கர்ல அவ தோய்ச்சது இருக்கு. அவ கையில கிடைச்சிடாம எடுத்துடுக்கா. பார்த்தா மனசு உடைஞ்சு போயிடுவா.”

சாகக் கிடக்கிறவன் கவலைப்பட்டது அதற்கு. அக்கா சரி என்று தலையாட்டினாள். மறுநாள் அவன் இல்லை.

எல்லாம் முடிந்து உறவெல்லாம் கலைந்த பிறகு, ஆலையிலிருந்து பாதுகாப்பு அதிகாரி அம்மாவின் வீட்டுக்கு வந்தார். நல்ல உடுப்பு, மெல்லிய குரல். வருத்தம் தெரிவித்தார். பிறகு மெதுவாக, மற்ற இரண்டு பேரின் துணி பற்றவில்லை, இது மட்டும் எப்படிப் பற்றியது என்று பார்க்க வேண்டியிருக்கிறது என்றார். வீட்டில் எப்படித் துவைத்தீர்கள் என்று கேட்டார். தம்பியின் மனைவி சுவரோரம் நின்றிருந்தாள். சோப்புத்தூள் போட்டதைச் சொன்னாள். வினிகர் ஊற்றியதைச் சொன்னாள். வினிகரா என்று அவர் புருவத்தைத் தூக்கினார். அதைப் பற்றி அவருக்கும் தெரியவில்லை என்பது முகத்திலேயே தெரிந்தது. ஆனாலும் தெரியாது என்று சொல்லிப் பழக்கமில்லாத மனிதர். சொன்ன முறைப்படி துவைக்காமல் வேறு எதையாவது சேர்த்தால் துணியின் காப்பு போய்விடும் என்று பொதுவாக ஒன்றைச் சொல்லிவிட்டு, கொடுத்த காபியைக் குடிக்காமல் போய்விட்டார். சலவை மெஷினைப் பற்றி அவரும் பேசவில்லை, ஈரத் தொட்டியைப் பற்றியும் பேசவில்லை.

அது போதாதா? அவர் செருப்பு வாசலைத் தாண்டுவதற்குள் அம்மா ஆரம்பித்துவிட்டாள். என் பிள்ளையை நீதான் எரித்தாய் என்றாள். கண்டதையும் ஊற்றி அவன் துணியைக் கெடுத்தாய் என்றாள். அந்தப் பெண் சுவரில் சரிந்து உட்கார்ந்தாள். அக்கா காபி தம்ளரைக் கையில் வைத்துக்கொண்டு நின்றாள். வினிகர் என்று சொல்லிக் கொடுத்தது தானே என்று அப்போதே சொல்லியிருக்கலாம். தம்ளரைக் கழுவ எடுத்துக்கொண்டு உள்ளே போய்விட்டாள்.

அவளுக்கு அப்போது தன் சாஃப்ட்னர்மேல் சந்தேகம்தான். ஊர்ஜிதமானது சில நாள் கழித்து. ஆலையில் லாக்கரைக் காலி செய்து ஒரு பையைப் புருஷனிடம் கொடுத்திருந்தார்கள். அவர் அதை வாசலருகே வைத்துவிட்டு, வெளியே போய்விட்டார். அக்கா பையைப் பிரித்தாள். சீப்பு, துண்டு, ஒரு ஜோடி செருப்பு. அடியில் ஓவரால். மடிப்பு கலையாமல், கட்டை போல் விறைத்து, லேசான வினிகர் வாடையோடு.

கழுத்துப் பட்டையைத் திருப்பினாள். சீட்டு இருந்தது. அந்தப் பெண் அதைப் பிரித்திருக்கவில்லை. அக்கா ஜன்னல் பக்கம் போய், வெளிச்சத்தில் பிடித்து, முதல்முறையாக அதைப் படித்தாள். சாதாரண சோப்புத்தூள் மட்டும் போடவும். துணியை மென்மையாக்கும் திரவம் எதையும் சேர்க்கக் கூடாது. சேர்த்தால் துணி தீப்பிடிக்கும். அவளுக்குப் படிக்கத் தெரிந்த மொழியில்தான் எழுதியிருந்தது. அவள் கையாலேயே ஒவ்வொன்றாகப் பிரித்து எடுத்துக் குப்பையில் போட்ட வாசகம். அங்கேயே உட்கார்ந்துவிட்டாள்.

புருஷனுக்குத் தெரியுமா என்று அவள் கேட்கவில்லை. கேட்க வேண்டியதும் இல்லை. தம்பி போனதிலிருந்து அவர் தன் ஓவராலை அவளிடம் துவைக்கத் தரவில்லை. வேலை விட்டு வந்ததும் தானே குளியலறையில் வெறும் சோப்புத்தூளில் துவைத்துக்கொண்டிருந்தார். கழுத்து மறுபடி சிவந்து தடித்திருந்தது. அவர் சொறிவதுகூட இல்லை.

மறுநாள் அவள் அந்தப் பையோடு அம்மாவிடம் போனாள். தம்பி மனைவி பின்கட்டில் குழாயடியில் இருந்தாள். அம்மா கட்டிலில் சுவரைப் பார்த்துப் படுத்திருந்தாள். அக்கா ஓவராலை எடுத்துக் காட்டி, தம்பி அன்றைக்குப் போட்டிருந்தது தான் துவைத்தது என்று சொன்னாள். சாஃப்ட்னரைச் சொன்னாள். சீட்டைச் சொன்னாள். அம்மா எழுந்து உட்கார்ந்து அவளையே வெகுநேரம் பார்த்தாள். அடிப்பாள் என்று அக்கா நினைத்தாள். அடித்திருந்தால் நன்றாக இருந்திருக்கும்.

“கதவைச் சாத்து” என்றாள் அம்மா.

சாத்தினாள்.

“இதை யார்கிட்டயும் மூச்சு விடாதே. ஒரு பிள்ளையைத் தூக்கிக் குடுத்துட்டேன். மிச்சம் இருக்கிறது நீ ஒருத்தி. உன்னையும் நாலு பேர் வாயில போட என்னால முடியாது.”

“அப்ப அவ?”

“அவ சின்ன வயசு. கொஞ்ச நாள் அழுவா. அப்புறம் தன் வழியைப் பார்த்துட்டுப் போயிடுவா.”

அந்த நிமிஷம் அக்காவுக்கு வந்தது நிம்மதி. வெட்கக்கேடு, ஆனால் அதுதான் உண்மை. அம்மாவே சொல்லிவிட்டாள், தம்பியும் அவளிடம் சொல்லாதே என்றுதானே சொல்லிவிட்டுப் போனான் என்று மனசு சட்டென்று இரண்டு பேரையும் இழுத்து முன்னால் நிறுத்திக்கொண்டு அவர்களுக்குப் பின்னால் ஒளிந்துகொண்டது. பையைத் திரும்ப வீட்டுக்குக் கொண்டுவந்து பரண்மேல் போட்டாள்.

அம்மா அன்று மாலையே வழக்கம்போல் ஆரம்பித்தாள். வினிகர் ஊத்தினாளாம் வினிகர் என்று, அந்தப் பெண் சாப்பாடு எடுத்துவைக்கும்போது சொன்னாள். குரலில் ஒரு சுருதி குறையவில்லை. தெரிந்துகொண்டே எப்படி முடிகிறது என்று அக்கா அம்மாவின் முகத்தைப் பார்த்தாள். அம்மா அவள் பக்கம் திரும்பவே இல்லை.

நாட்கள் போயின. வந்து போகிறவர்கள் எல்லோருக்கும் கதை தெரிந்துவிட்டது. பெண்டாட்டி ஏதோ ஊற்றித் துவைத்தாளாம், அதனால்தான் பற்றிக்கொண்டதாம். தெருவில் அந்தப் பெண் போனால் பேச்சு நிற்கும், கடந்ததும் தொடரும். அவள் பிறந்த வீட்டிலிருந்து வந்து கூப்பிட்டார்கள். போக மறுத்துவிட்டாள். அத்தையை இந்த நிலைமையில் விட்டுவிட்டு வரமாட்டேன், நான் செய்ததற்கு நான்தான் பார்த்துக்கொள்ள வேண்டும் என்றாளாம். இதைக் கேட்ட அன்று அக்கா சாப்பாட்டுத் தட்டைத் தள்ளிவைத்தாள். இருந்தும் மூச்சு விடவில்லை.

ஒரு நாள் பகலில் அம்மாவைப் பார்க்கப் போனபோது, பின்கட்டில் அந்தப் பெண் ஒரு பெரிய தொட்டியில் அம்மாவின் துணிகளையும் போர்வையையும் போட்டு வெறும் தண்ணீரில் கும்மிக்கொண்டிருந்தாள். பக்கத்தில் சோப்புத்தூள் இல்லை, ஒன்றுமில்லை. கைகள் வெடித்து, விரல் இடுக்கில் புண்ணாகியிருந்தன. சோப்பு எங்கே என்று அக்கா கேட்டாள்.

“எதையும் போட பயமா இருக்கு அண்ணி. தண்ணியே போதும். கொஞ்சம் கூட நேரம் தேய்ச்சா போயிடுது.”

அந்தப் பெண் தண்ணீரிலிருந்து கையை எடுத்து உள்ளங்கையை விரித்துக் காட்டினாள்.

“உங்ககிட்ட ஒண்ணு கேக்கணும்னு இருந்தேன். நீங்களும் வினிகர்தானே ஊத்தினீங்க, அண்ணனுக்கு ஒண்ணும் ஆகலையே. ஒரு கைன்னு சொன்னீங்க. உங்க கை சின்னது. என் கையைப் பாருங்க, கொஞ்சம் பெருசு. அளவு கூடிப்போச்சா அண்ணி? அதனாலயா?”

உண்மையாகவே கேட்டாள். குத்திக் காட்டவில்லை, பழி போடவில்லை. ராத்திரி பகலாக அதைத்தான் யோசித்துக்கொண்டிருந்திருக்கிறாள். தன் கையின் அளவை.

அக்காவால் அதற்குமேல் அங்கே நிற்க முடியவில்லை. இதோ வந்துடறேன் என்று சொல்லிவிட்டு வேகமாக வெளியே வந்தாள். இரண்டு தெருவையும் ஓட்டமும் நடையுமாகக் கடந்தாள். பரணிலிருந்து பையை இழுத்தாள். திரும்பி வரும்போது பாதி வழியிலேயே அம்மா சொன்னதும் தம்பி சொன்னதும் பின்னாலிருந்து கூப்பிட்டன. நின்றால் வீட்டுக்குத் திரும்பிவிடுவோம் என்று அவளுக்குத் தன்னைப் பற்றி நன்றாகத் தெரியும். ஆகவே நிற்கவில்லை.

ஓவராலை எடுத்து அந்தப் பெண்ணின் மடியில் வைத்தாள். அவள் ஈரக் கையை உடம்பில் துடைத்துக்கொண்டு அதைத் தொட்டாள். மடிப்பைத் தடவினாள். முகத்தருகே கொண்டுபோய் முகர்ந்தாள்.

“இது நான் தோய்ச்சது. அந்த வாரம் மடிச்சுக் குடுத்தது. மடிப்பு அப்படியே இருக்கே.” நிமிர்ந்தாள். “அப்ப அவரு எதைப் போட்டிருந்தாரு?”

அக்கா சொன்னாள். எதிரில் ஈரத் தரையிலேயே உட்கார்ந்து, ஒன்றையும் மறைக்காமல் சொன்னாள். நீல பாட்டில், இரண்டு மூடி, பிளேடால் பிரித்த சீட்டு, தம்பியும் மாமாவும் பையில் கொண்டுபோனது, கொண்டுவந்தது. வினிகர் என்று அன்றைக்குச் சொன்னது பொய், அதனால் விறைப்பு போகாது என்று தனக்கு அப்போதே தெரியும் என்பதையும் சொன்னாள். கழுத்துப் பட்டையைத் திருப்பி அந்த எழுத்தைக் காட்டினாள். அந்தப் பெண் விரலை வைத்து ஒவ்வொரு சொல்லாகப் படித்தாள்.

“அழுக்கு இருக்குமே” என்றாள் கடைசியில். “வாராவாரம் முட்டியில கரி இருக்கும். தேய்ச்சுத் தேய்ச்சு எடுப்பேனே.”

“தரையில புரட்டி எடுத்துட்டு வருவான். உனக்குத் தெரியக் கூடாதுன்னு.”

அந்தப் பெண்ணின் முகத்தில் சிரிப்பு மாதிரி ஒன்று வந்தது. அவன் அப்படிச் செய்கிறவன்தான் என்று அவளுக்கும் தெரியும். பிறகு அந்த ஓவராலை மடியில் அழுத்திக்கொண்டு அழுதாள். தம்பி செத்ததிலிருந்து அவள் அழுததையெல்லாம் அக்கா பார்த்திருக்கிறாள்; பயந்து பயந்து, குற்றவாளி மாதிரி அழுவாள். இது பெண்டாட்டி அழுகிற அழுகை. அக்கா தொட வந்த கையைப் பாதியில் இழுத்துக்கொண்டாள்.

அழுது முடித்து அவள் மூக்கைத் துடைத்தாள்.

“நான் கேட்டன்னிக்கே நீங்க நிஜத்தைச் சொல்லியிருந்தா, நானும் அந்த பாட்டிலைத்தான் வாங்கியிருப்பேன். நானும்தான் ஊத்தியிருப்பேன்.”

அதை அவள் சொன்ன விதத்தில் கோபமே இல்லை. அக்கா அதைப் பிடித்துக்கொண்டாள். மன்னிப்புக்குப் பக்கத்தில் எதுவோ ஒன்று கிடைத்துவிட்டது, இனி எப்படியாவது மூச்சு விட்டுக்கொண்டு இருந்துவிடலாம் என்று ஒரு கணம் தோன்றியது.

“அத்தைக்கு இது தெரியுமா?” என்றாள் அந்தப் பெண்.

உள்ளே அம்மா இருமுகிற சத்தம் கேட்டது. தெரியாது என்று ஒரு வார்த்தை சொன்னால் போதும். அம்மா காப்பாற்றப்பட்டுவிடுவாள், இந்தப் பெண்ணும் இங்கேயே இருந்து அம்மாவைப் பார்த்துக்கொள்வாள். இன்னொரு வினிகர், அவ்வளவுதானே. அக்காவின் நாக்கு அந்தப் பக்கம் திரும்பக்கூடச் செய்தது.

“தெரியும்” என்றாள்.

“எப்பலேருந்து?”

“இந்தப் பை வந்த மறுநாள்லேருந்து. நான்தான் சொன்னேன். வெளியே சொல்லாதேன்னாங்க.”

அந்தப் பெண் கொஞ்ச நேரம் தொட்டியையே பார்த்துக்கொண்டிருந்தாள். மனசுக்குள் எதையோ ஒவ்வொன்றாகத் திரும்பிப் போய்ப் பார்க்கிற மாதிரி இருந்தது; சாப்பாடு எடுத்துவைத்த ஒவ்வொரு வேளையையும், அப்போது காதில் விழுந்ததையும். நேற்று ராத்திரிகூட அம்மா அதே பேச்சைப் பேசியிருப்பாள். பிறகு எழுந்தாள். தொட்டியில் அமிழ்ந்து கிடந்த அத்தையின் போர்வையை எடுக்கவில்லை, பிழியவில்லை. வெடித்த கைகளைக் குழாயில் ஒரு முறை காட்டிவிட்டு உள்ளே போனாள். அலமாரிக் கதவு திறக்கிற சத்தம் கேட்டது. அதிக நேரம் ஆகவில்லை. சின்னப் பெட்டி ஒன்றோடு வந்தாள், கக்கத்தில் அந்த ஓவரால். அம்மாவின் அறை வாசலில் நிற்கவில்லை. அக்காவைப் பார்த்து வரேன் என்று சொல்லவில்லை. வெளிக்கதவைச் சத்தமில்லாமல் சாத்திக்கொண்டு போனாள்.

அம்மா உள்ளேயிருந்து குரல் கொடுத்தாள். துணி காயப் போட்டாச்சா, வெயில் இறங்குது பாரு, என்ன செய்யறே அங்கே என்று, பதில் பேசாத மருமகளிடம் பேசுகிற அதே குரலில்.

“நான் போடுறேம்மா” என்றாள் அக்கா.

அம்மாவிடமிருந்து அப்புறம் சத்தமில்லை. அக்கா தொட்டிக்கு முன்னால் குந்தி உட்கார்ந்து போர்வையைத் தூக்கினாள். தண்ணீரில் ஊறி, கல் போல் கனத்தது. அலசினாள், பிழிந்தாள், மறுபடி அலசினாள். எதையும் ஊற்றவில்லை. கொடியில் விரித்துப் போட்டுவிட்டு, அம்மாவின் அறைக்குள் போனாள்.